தொப்பைமறைவு இயல்: கல்யாணக் குழுப்படக் கோணங்கள் குறித்து ஓர் ஆய்வு

படத்தில் அழகாகத் தெரிவது எப்படி என்பது பற்றித் தமிழில் முறையான இலக்கணம் இதுகாறும் தோன்றவில்லை. மெய்ப்பாட்டியலில் நகை முதலாக எட்டை வகுத்த தொல்காப்பியர், 'சார், கொஞ்சம் லெஃப்ட்ல திரும்புங்க' என்றதும் முகத்தில் தோன்றும் ஒன்பதாவதை விட்டுவிட்டார். உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை.

கோணம் மூவகைப்படும். கீழ்க்கோணம் கட்அவுட்டுக்கு உரியது. நேர்க்கோணம் ஆதார் அட்டைக்கு உரியது. மேற்கோணம் செல்ஃபிக்கு உரியது. ரெட்டைத் தாடையை ஒற்றையாக்க வல்லது.

தூரமும் கோணத்தின்பாற்படும். ஓரடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, ஐந்தடியில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகன்று தெரியும் என்று 2018இல் மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஸ்டுடியோக்காரர்கள் 85 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு வாசற்படிவரை பின்வாங்குவது இதனாலேயே. அவர்களை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

கன்னத்துக்கு வருவோம். 1973இல் மக்மானஸ், ஹம்ஃப்ரி இருவரும் 1,474 உருவ ஓவியங்களை ஆராய்ந்து, இடக்கன்னம் காட்டுவோரே மிகுதி என 'நேச்சர்' இதழில் நிறுவினர். மோனா லிசாவும் இடக்கன்னக் கட்சிதான். கன்னத்தை எண்ண ஆள் இருந்தது. தொப்பையை எண்ண இல்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

தொப்பையை மறைப்பன: கைப்பை, அங்கவஸ்திரம், தாம்பூலப் பை, குழந்தை. முதல் மூன்றும் ஆராயத் தக்கன அல்ல.

குழந்தையின் உச்சந்தலை சட்டையின் மூன்றாம் பொத்தானுக்கு நேராக நிற்றல் வேண்டும் என்பது பெரியப்பா கொள்கை (வாய்மொழி, இரண்டாம் பந்தி, பாயசத்துக்கு முன்). பொத்தான் சட்டைக்குச் சட்டை மாறுவதால் தொப்புளே அளவுகோல் என்று சித்தப்பா மறுப்பார் (அதே பந்தி, பாயசத்துக்குப் பின், ஏப்பத்தால் இரு சொற்கள் சிதைந்துள்ளன). அத்தையோ உயரத்தைப் பொருட்படுத்துவதில்லை. குழந்தை நெளியும் இயல்பினது, ஆதலின் கையில் முறுக்கு கொடுத்து நிறுத்துக என்கிறார் (கையெழுத்துப்படி, மளிகைச் சீட்டின் பின்புறம், கடைசி வரி எண்ணெய்க் கறையில் மறைந்தது. அந்த வரியில்தான் எல்லாம் இருந்தது என்று அத்தை தரப்பும், அது பெருங்காயம் 50 கிராம் என்று மாமா தரப்பும் இன்றுவரை வழக்காடுகின்றன).

கொள்கை எதுவாயினும் ஓர் இடர் உண்டு. குழந்தையும் வளரும், தொப்பையும் வளரும். ஆனால் ஒன்று மேல்நோக்கி, மற்றது முன்நோக்கி. சில ஆண்டுகளில் பையன் முகத்தையே மறைக்கத் தொடங்குவான். அப்போது பிறர் பிள்ளையை இரவல் கேட்பதே மரபு: 'தம்பி, இந்த மாமாகிட்ட வந்து நில்லுடா.' இதைப் பாசம் என்று பொருள்கொண்டது முந்தைய ஆய்வாளர் பிழை.

அறிஞர்க்கு இவ்விதிகள் பொருந்தா. பின்னால் புத்தக அலமாரி, தாடையில் கை என்று அவர்கள் கோணம் என்றோ முடிவாகிவிட்டது. நூலின் பின்னட்டைக்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது ஆண்டை மட்டுமே; பெரும்பாலும் தலைமுடி இருந்த ஆண்டு.

இக்கட்டுரையை மறுக்க விரும்பும் பேராசிரியர்கள் தம் மறுப்புடன் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை இணைக்க வேண்டும். படம் கடந்த ஆறு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டதாக இருத்தல் கட்டாயம்.