அசுரன் தலை விழும் கால அளவைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

வாள் ஓங்கப்படுவதற்கும் தலை உருள்வதற்கும் இடையே எவ்வளவு காலம் செல்லும் என்னும் வினாவை, உலகின் சாஸ்திரங்கள் யாவும் அற்பமென்று ஒதுக்கிவிட்டபடியால், அதனை முறைப்படி விசாரிக்கும் பாரம் நம்மேல் வந்து விழுந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட மூலம், கொயோஹாரு கொதோகே வரைந்த சித்திரக்கதையைத் தழுவி, யூஃபோட்டபிள் நிறுவனத்தார் உருவாக்க, 2019 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாரந்தோறும் ஜப்பானில் ஒளிபரப்பான, 26 பகுதிகள் கொண்ட 'டீமன் ஸ்லேயர்' அனிமேயின் முதல் பருவமாகும். குடும்பத்தை அசுரனுக்குப் பலிகொடுத்து, அசுரியாகிவிட்ட தங்கை நெசுகோவை மரப்பெட்டியில் சுமந்தபடி, அவளை மீண்டும் மானிடப் பெண்ணாக்க வழிதேடி அலையும் தாஞ்சிரோ என்னும் கரி விற்கும் பையனின் சரித்திரம் அது.

இத்தொடரில் காலம் இருவகைப்படும்: அசுரன் எதிரே இல்லாத காலம், அசுரன் எதிரே நிற்கும் காலம். முன்னது பறக்கும், பின்னது நகரவே நகராது. பாறையைப் பிளக்கும் வரை குருநாதர் உரோகொடாகியிடம் பெற்ற இரண்டாண்டுப் பயிற்சி ஓரிரு பகுதிகளுக்குள் அடங்கிவிட, அடிக்கும் ஒரு வீச்சுக்கோ அடிப்பவனின் சிந்தனையும் அடிபடுபவனின் பூர்வோத்தரமும் முடியும் வரை வாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அசுரன் ஒருவன் முரசடித்து அறைகளைப் புரட்டும் மாளிகையில், எந்த முரசு ஒலித்தால் அறை எந்தப் பக்கம் புரளும் என்பதை நாம் கண்ணால் கண்டுகொண்டிருக்கும்போதே தாஞ்சிரோ மனத்துக்குள் விரித்துரைப்பதை, நன்னூலார் வகுத்த குற்றங்களுள் 'கூறியது கூறல்' என்பதன்பாற்படுத்துவதில் நமக்குத் தயக்கமில்லை. முறிந்த எலும்போடு போராடும் அவன், தான் மூத்த பிள்ளையாகையால் இவ்வலியைத் தாங்குவதாகவும், இளையவனாயிருந்தால் தாங்கியிருக்க முடியாதென்றும் அவ்விடத்திலேயே ஒரு சித்தாந்தத்தை நிலைநாட்டுகிறான். இளைய பிள்ளைகளாகப் பிறந்த அன்பர்கள் பொறுத்தருள்க.

ஆயினும், இந்தத் தாமதத்தை முற்றும் பழிக்க இயலாதபடி அதே மாளிகையில் ஒன்று நிகழ்கிறது. முரசுகளை உடம்பில் தரித்த அந்த அசுரன் கியோகாய், ஒரு காலத்தில் எழுத்தாளனாக இருந்து, தன் எழுத்தைக் குப்பையென்று இகழ்ந்தவனைக் கொன்றவன். (அச்செயலை நாம் ஆதரிக்கவில்லை, காரணம் விளங்குகிறது என்று மட்டும் சொல்கிறோம்.) சண்டையின் நடுவே கையெழுத்துத் தாள்கள் தரையெங்கும் சிதற, அவற்றின்மேல் கால் படாமல் ஒதுங்கி ஒதுங்கி அடிவைக்கும் தாஞ்சிரோவுக்கு, அந்த ஒதுக்கமே வலி குறைந்த நடையையும் வெற்றிக்கான வழியையும் காட்டிவிடுகிறது. தன் எழுத்தை ஒருவன் மிதிக்கவில்லை என்று கண்ட அசுரன் கண்ணீர் விட்டு மறையும் அந்த 13ஆம் பகுதியே, பலரும் கொண்டாடும் 19ஆம் பகுதியினும் மேலானது என்பது எமது துணிபு.

19ஆம் பகுதியின் பெருமையையும் மறுப்பதற்கில்லை. பழைய ஜப்பானிய மரவெட்டுச் சித்திரங்களின் அலைக்கோடுகள் போல வாளைச் சுற்றிப் பாய்ந்துகொண்டிருந்த நீர், பனியில் ஆடிய தந்தையின் நினைவு வந்தவுடன் நெருப்பாக மாறுவதும், நெசுகோவின் இரத்தம் தீயாகி, நூல்களால் போரிடும் அசுரன் ரூயியின் நூல்களை எரிப்பதும், அடங்கிய குரலில் பாட்டு எழுவதும் சேர்ந்து காண்போரைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. ஆனால் அடுத்த பகுதியில் ரூயி எழுந்து, வாள் வெட்டும் முன்பே தன் தலையைத் தானே நூலால் அறுத்துக்கொண்டதாக அறிவிக்கிறான்! இவ்வளவு சம்பிரமமும் செல்லாது என்றால் ஆராய்ச்சியாளன் எந்தக் கணக்கில் எழுதுவது? பிறகு வந்த அசுர சங்காரப் படைவீரர் கியூ, பேச்சின்றி, அலையடங்கிய நீரைப் போல் நின்று, எண்ணுவதற்குள் காரியத்தை முடிக்கிறார்; ரூயியின் நினைவுகள் மட்டும் தலை போன பின்னும் நெடுநேரம் ஓடுகின்றன.

தாஞ்சிரோவின் தோழன் செனிட்சுவின் ஓயாத கூக்குரலைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவன் தூங்கும்போது நன்றாகச் சண்டையிடுகிறான், அவ்வளவே. 24, 25ஆம் பகுதிகளின் பயிற்சி வைபவம் நீளம். இறுதிப் பகுதியிலோ, அசுர வேந்தன் முசான் தன் கீழ்நிலைத் தளபதிகளை வரவழைத்து, அவர்களுள் நால்வரை அங்கேயே தீர்த்துவிடுகிறான். தாஞ்சிரோ உள்ளிட்ட அசுர சங்காரப் படையார் இப்பருவம் முழுதும் பாடுபட்டு வீழ்த்திய தளபதியோ ரூயி ஒருவனே. தலை விழும் வேகத்தில் முதற்பரிசு முசானுக்கே உரியது.