நாற்காலி நுனி முதல் சாய்மானம் வரை: அரசியல் நையாண்டிப் படங்களில் பார்வையாளர் நகை – ஓர் ஆய்வு

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றி எழுந்த ஆய்வுகள் இயக்குநரைப் பேசின, நடிகரைப் பேசின, பாட்டைப் பேசின. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரை மட்டும் பேசாமல் விட்டன. அரசியல்வாதியின் இரட்டை வேடத்தைக் கிழிக்கும் படம் ஓடும்போது அரங்கில் எழும் சிரிப்பு எவ்வகைத்து, எவரால் எழுப்பப்படுவது, எவரைக் குறித்து எழுவது என்னும் மூன்று வினாக்களும் இன்றளவும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அக்குறையை நீக்க இக்கட்டுரை முன்வருகிறது. முதன்மைச் சான்றுகள் மூன்று: சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (நாடகம் 1968, படம் 1971), மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ (1994), மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021). துணைச் சான்றுகள்: முறுக்கு விற்பவர் வழக்கு, சைக்கிள் ஸ்டாண்டு மரபு, இடைவேளையில் ஒதுங்கப் போனவர்களிடையே வாய்மொழியாக வழங்கிவரும் சில நூற்பாக்கள். ஆய்வின் எல்லை, படம் விட்டு வெளியே வந்து பரோட்டாக் கடையை அடையும் வரை. அதற்கப்பால் எவருக்கும் எதுவும் நினைவிருப்பதில்லை என்பதால் எல்லை தானாகவே அமைந்துவிடுகிறது.

எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. பல ஆய்வுகள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிடத்துப் பிறக்கும் என்கிறது. இவற்றுள் இளமை, அப்பா சிரிப்பதைப் பார்த்துக் குழந்தை சிரிப்பது, விரித்துரைக்க ஒன்றுமில்லை. பேதைமை, விசில் சத்தத்தில் வசனம் காதில் விழாமலே சிரிப்பது. மடன், தலைமைக் கழகம் கருத்துத் தெரிவித்த பிறகு சிரிப்பது. எஞ்சியிருப்பது எள்ளல். அதைப் பேராசிரியர் தம் உரையில் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுவது மற்றொன்று. டூரிங் டாக்கீஸைக் கண்ணால் காணாதவர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதியும் கிடைக்கும். இக்கட்டுரையின் துணிபு இதுதான்: அரசியல் நையாண்டிப் படம் பார்ப்பவர், தாம் முதல் வகை எள்ளலில் சிரிப்பதாக எண்ணிக்கொண்டு இரண்டாம் வகை எள்ளலில் சிரிக்கிறார். எள்ளப்படுபவர் திரையில் இல்லை. வரிசை எண் போட்ட நாற்காலியில் இருக்கிறார்.

இதை நிறுவ ‘அமைதிப்படை’யின் வாக்கு எண்ணிக்கைக் காட்சி ஒன்றே போதும். தேர்தலில் ஆளை நிறுத்தியவராக நடித்த மணிவண்ணனும், நிறுத்தப்பட்ட அமாவாசையாகிய சத்யராஜும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை பணிவே உருவாக நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். முன்னிலை ஏற ஏற அவர் உடம்பு நிமிர்கிறது, சாய்கிறது, பரவுகிறது. பக்கத்தில் இருப்பவர் அதே அளவுக்குச் சுருங்குகிறார். இதுவரை எல்லாரும் அறிந்தது. எவரும் அறியாதது என்னவெனில், இக்காட்சி ஓடும்போது பார்வையாளரின் உடம்பும் இடம் மாறுகிறது என்பதாகும். முதல் சுற்றில் அவரும் நுனியில்தான் இருக்கிறார். அமாவாசை நிமிரும்போது இவரும் நிமிர்கிறார், அமாவாசை சாயும்போது இவர் முதுகும் சாய்மானத்தைத் தேடுகிறது. முறுக்கு விற்பவர் வழக்கு இதை உறுதி செய்கிறது: அக்காட்சியின்போது வரிசைக்குள் புகுந்து விற்க முடியாது, நடைபாதை வரை கால்கள் நீண்டுவிடுகின்றன என்பது அம்மரபினரின் நெடுநாள் முறையீடு.

இதற்கு ஒரு வலுவான தடை எழுப்பப்படுவதுண்டு. பெஞ்சு டிக்கெட்டுக்குச் சாய்மானமே கிடையாதே, அங்கிருப்பவர் எதில் சாய்வார் என்று கேட்பர். தடை நியாயமானது, விடையோ எளியது. அவர் பின்வரிசைக்காரரின் முழங்காலில் சாய்கிறார். இதை ‘முழங்கால் சாய்மானக் கோட்பாடு’ என்க. அதே நொடியில் பின்வரிசைக்காரரும் அமாவாசையைப் பின்பற்றிக் கால்மேல் கால் போட முயல்வதால், சாயும் முதுகும் உயரும் முழங்காலும் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன. விளைவாக எழும் கைகலப்பை ரசிகர் மோதல் என்று எழுதிவிட்டுப் போவது மேலோட்டமான பார்வை. சைக்கிள் ஸ்டாண்டு மரபின் மூத்த உரை (டோக்கனின் பின்பக்கம், பால்பாயிண்ட் பேனா, பாதி மழையில் கரைந்தது) இச்சண்டையை ‘இரண்டு அமாவாசைகள் ஒரே இடத்தில் அமர முயன்றதால் வந்தது’ என்று துல்லியமாக வரையறுக்கிறது. அதற்கு எழுந்த மறுப்புரையும் (அதே டோக்கன், முன்பக்கம், வேறு கையெழுத்து, டீக்கறையால் முதற்சீர் மறைந்தது), மறுப்புரையை மறுத்து ஸ்டாண்டின் தகரக் கதவில் ஆணியால் கீறப்பட்ட விளக்கவுரையும், அவ்விளக்கவுரையின் மீது பெயின்ட் அடித்தவர் அறியாமல் விட்டுச்சென்ற இரண்டு எழுத்துகளும் இம்முடிவையே வலியுறுத்துகின்றன. மல்டிபிளெக்ஸ் வந்து, பொத்தானை அமுக்கினால் படுக்கையாகும் நாற்காலியும் வந்தபின் ஆய்வுக்களமே கெட்டது. அங்கே பார்வையாளர் முதல் சுற்று எண்ணிக்கைக்கு முன்பே மல்லாந்துவிடுகிறார். தேர்தலில் நிற்காமலே வென்றவர் போல.

இனி இச்சான்றின் பொருளுக்கு வருவோம். பார்வையாளர் அமாவாசையோடு சேர்ந்து நிமிர்கிறார் என்றால், அவர் அந்த மனிதரைக் கேலி செய்யவில்லை. அவர் வெற்றியில் பங்கு கேட்கிறார். அப்படியானால் சிரிப்புக்கு ஆளாவது யார்? நாற்காலியில் சுருங்கிக்கொண்டே போகும் மற்றவர்தான். அவர் செய்த குற்றம் என்ன? ஒருவரைக் கைதூக்கி விட்டார். தூக்கிவிடப்பட்டவர் முன் கூனிக் குறுகி நிற்கிறார். இந்த வேலையைத் தேர்தல்தோறும் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு செய்பவர் யாரென்று இக்கட்டுரை சொல்ல வேண்டியதில்லை. பார்வையாளர் தம்மைப் பார்த்தே சிரிக்கிறார், அமாவாசையின் நாற்காலியில் இருந்துகொண்டு. மேலும் ஒரு சான்று: படத்தில் தந்தையை எதிர்த்து நியாயத்துக்காக நிற்கும் மகனும் சத்யராஜ்தான். அந்த மகனின் பெயரைக் கேட்டால் படத்தைப் பலமுறை பார்த்தவரும் தலையைச் சொறிவார். இக்கட்டுரையும் அப்பெயரைக் குறிப்பிடவில்லை என்பதை நோக்குக. 2013-இல் மணிவண்ணனே தம் ஐம்பதாவது படமாக இதன் தொடர்ச்சியை எடுத்தபோது அதற்குச் சூட்டிய பெயர் ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ பதவிக்கு வந்த அமாவாசை சூடிக்கொண்ட பெயர் அது. நியாயவானின் பெயரில் தொடர்ச்சி எடுக்கும் துணிவு எந்தத் தயாரிப்பாளருக்கும் வராது; பார்வையாளர் எவர் பக்கம் என்பதை ஆய்வாளருக்கு முன்பே அறிந்தவர் விநியோகஸ்தர்.

‘துக்ளக்’ இன்னும் தெளிவான சான்று. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சுல்தான் தேர்தலில் வென்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தவர்களையெல்லாம் துணைப் பிரதமர்களாக்குகிறார். மொழிச் சண்டைக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். இந்த அறிவிப்புகளுக்குத் திரையில் இருக்கும் கூட்டம் கைதட்டுகிறது. அதே இடத்தில் அரங்கில் இருக்கும் கூட்டமும் கைதட்டுகிறது. திரைக்குள்ளே தட்டுபவர்கள் ஏமாளிகள், வெளியே தட்டுபவர்கள் விவரமானவர்கள் என்று வேறுபடுத்துவர் சிலர். ஓசையைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது என்பது அங்கே ஒலிபெருக்கி மாட்டியவரின் கருத்து. ஒலியியல் துறையினர் இதுகாறும் மறுக்கவில்லை. இறுதியில் உண்மையைப் போட்டுடைக்க வந்த கூட்டாளியின் பக்கம் மக்கள் நிற்கவில்லை, துக்ளக்கின் பக்கம்தான் நிற்கிறார்கள். நாடகாசிரியர் தம் பார்வையாளரைப் பற்றி வைத்திருந்த கருத்து அதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. பார்வையாளர் அதற்கும் கைதட்டினார்.

மறுப்பாளர் கூறுவன இரண்டு. ஒன்று: இப்படங்கள் எல்லாரையும்தான் கேலி செய்கின்றன, கேலிக்கு ஆளானவர்களுக்கு அது தெரியும், தெரிந்தே சிரிக்கிறார்கள் என்பது. அற்றன்று. தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மனிதர் சிரிப்பதில்லை. 2018 நவம்பரில் ‘சர்கார்’ படத்தில் இலவச மிக்சி, கிரைண்டரைத் தீயில் எறியும் காட்சியைக் கண்ட அ.தி.மு.க.வினர் சிரிக்கவில்லை, தியேட்டர் வாசலில் பேனரைக் கிழித்தனர், காட்சியும் வெட்டப்பட்டது. அது நகைச்சுவைப் படமன்றே எனின், ஆம், ஆகவே எதிர்நிலைச் சான்றாகக் கொள்க. கோபம் வந்த இடத்தில் ஒருவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டார். சிரிப்பு வந்த இடத்தில் அடுத்த கட்சிக்காரரை அடையாளம் கண்டுகொண்டார். ‘அமாவாசை’ என்ற பட்டத்தை ஒவ்வொரு கட்சியினரும் எதிர்க்கட்சித் தலைவருக்குச் சூட்டி மகிழ்வதும், சொந்தக் கட்சியில் ஒருவருக்கும் அது பொருந்தாதிருப்பதும் தமிழ்நாட்டு அரசியலின் வியத்தகு உயிரியல் உண்மை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கண்ணியமானது. சிரிப்பு மக்களை விழிக்கச் செய்யும், நையாண்டி சமுதாயத்தைத் திருத்தும் என்பது. பட்டிமன்றங்களில் இதற்கே தீர்ப்பு கிடைப்பது வழக்கம். ஆயினும், ஆளுங்கட்சியின் கோபத்துக்கு ஆளான ‘துக்ளக்’ படம் வந்த அதே 1971-இல் தி.மு.க. சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184-ஐ வென்றது. படத்துக்குச் சிரித்தவர்கள் ஒரு நாட்டினர், வாக்களித்தவர்கள் வேறு நாட்டினர் என்று கொண்டாலன்றி அம்மறுப்பு நிலைக்காது. உண்மையில் சிரிப்பு ஒரு ரசீது. நேர்மையின்மையைக் கண்டித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அது பார்வையாளர் கையில் தரப்படுகிறது. ரசீது கையில் இருக்கும்போது அதே கடனை வாக்குச்சாவடியில் இன்னொரு முறை யாரும் கட்டுவதில்லை.

‘மண்டேலா’வைக் கொண்டும் இக்கொள்கையைச் சோதித்தல் முறை. அப்படம் 2021 ஏப்ரல் 4 அன்று தொலைக்காட்சியில் வெளியானது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அரங்கமில்லை, விசிலில்லை, சாய முழங்காலும் இல்லை. சாதியால் பிளந்த ஊரில் இரு தரப்பும் சரிசமமாக நிற்க, முடிவெட்டும் ஏழை ஒருவனின் ஒற்றை வாக்குக்காகப் பரிசுகள் குவிகின்றன. யோகிபாபு அவற்றை வாங்கிக்கொள்ளும்போது வீட்டுக் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. இலவசமாக வந்த மிக்சி, மின்விசிறி முதலியன அதே கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தன என்பதைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் இப்படம் ஒரு சிக்கலையும் தருகிறது. அந்த நாயகன் கடைசியில் தன் ஒற்றை வாக்கைக் கொண்டு ஊருக்குச் சாலையும் பள்ளியும் கேட்கிறான். அவ்விடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. சிரிக்காத அந்தச் சில நிமிடங்களில்தான் பார்வையாளர் தம்மைத் திரையில் கண்டிருக்கக்கூடும். நகையாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகையால் அதை இங்கு விரிக்கவில்லை. விரித்தால் கட்டுரை உண்மையிலேயே பயன்பட்டுவிடும் அபாயம் உண்டு.

தொகுத்துக் கூறின், அரசியல் போலித்தனத்தைக் கேலி செய்யும் படம் எவரையும் புண்படுத்தாமல் ஓடுவதற்குக் காரணம் ஒவ்வொரு நாற்காலியும் அடுத்த நாற்காலியைக் கை காட்டுவதே. இவ்விதி திரையரங்குக்கு மட்டும் உரியதன்று. இக்கட்டுரையைப் படிக்கும் உதவிப் பேராசிரியர் தம் துறைத்தலைவரை நினைத்துச் சிரிப்பார், துறைத்தலைவர் துணைவேந்தரை நினைத்துச் சிரிப்பார், துணைவேந்தர் படிப்பதில்லை. இது குறித்து நடைபெறவிருக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வருவோர்க்குச் சான்றிதழும் ஒரு பையும் உண்டு. வர இயலாதோர் கட்டணத்தை மட்டும் அனுப்பினால் போதும். அவர்கள் சிறப்பாக வாசித்ததாகவே சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும்.