லோடு முன்னாடி நிக்கோணும்

என் மாமனார் நாமக்கல்லில் முப்பத்து நாலு வருடம் லாரிக்குப் பாடி கட்டியவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியில் பார்ப்பார். நிறம், கண்ணாடி, சீட்டெல்லாம் பிறகுதான். பெண் பார்க்கப் போன அன்றுகூட நாங்கள் வந்த வாடகைக் காரின் ஆக்சிலைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையைப் பார்த்தார் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். மாப்பிள்ளையையும் அதே மாதிரி கவனித்துப் பார்த்திருக்கலாம் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவர் அத்தையோடு ஆறு மாதம் தங்க மிச்சிகனுக்கு வந்து இறங்கிய வாரத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது.

பெட்டி என்றால் சரக்கு டிரெய்லர். ஆறடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், ஒரே ஆக்சில், இரண்டு சக்கரம். முன்பக்கம் மட்டும் காற்றைக் கிழிக்க மூக்குப் போலக் கூராக இருக்கும். வெளியே வெள்ளை அலுமினியத் தகடு, நடுவில் இரும்புச் சட்டம், உள்ளே பிளைவுட். ஜன்னல் கிடையாது. அமெரிக்காவில் புல் வெட்டுகிறவர், தச்சர், பெயின்டர் எல்லோரும் இதைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இதையே வாங்கி, கட்டில், விளக்கு, மின்விசிறியெல்லாம் வைத்து, முகாம் போகிற வீடாக மாற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று இங்கே உண்டு. ரெடிமேட் கேம்பர் வண்டியைவிட மலிவு, உறுதியும் அதிகம் என்பார்கள். இரண்டும் உண்மைதான். மிச்சம் பிடித்த காசெல்லாம் ஸ்குரூவாக மாறி வீட்டில் எல்லோர் காலிலும் குத்தும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நான் வாங்கியது புல் வெட்டும் தொழில் செய்த ஒருவரிடம், 3,200 டாலருக்கு. கதவைத் திறந்தால் பெட்ரோலும் காய்ந்த புல்லும் சேர்ந்த வாடை. அது போக மூன்று வாரம் ஆனது. பதிவு செய்யத்தான் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். மிச்சிகனில் டிரெய்லருக்குக் கொடுப்பது நிரந்தர நம்பர் பிளேட். ஒரு தடவை பணம் கட்டினால் போதும், புதுப்பிக்கிற வேலையே இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு வருடம். விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். புல்வெட்டி மெஷின் சுமந்த தகரப் பெட்டி, ஒரு காலைப்பொழுதில் நிரந்தரவாசியாகி என் வாசலில் வந்து நிற்கிறது.

மாமனாருக்கு ஊர் மாறிய தூக்கக் குழப்பம். காலை நாலு மணிக்கே எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, டார்ச்சோடு பெட்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடாதது நாங்கள் செய்த புண்ணியம். ஆறு மணிக்கு எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார்.

"சட்டம் நல்லாருக்குதுங்க மாப்ள. வெல்டிங்குதான் கொஞ்சம் அவசரத்துல வெச்சிருக்கறாங்க. என்ன லோடு ஏத்தப் போறீங்க?"

"லோடு இல்லைங்க மாமா. நாமதான் போய்த் தங்கப்போறோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மனுசரு ஏர்றதுன்னா அது பஸ் பாடிங்க. அதுக்குக் கரூர்க்காரன் வேணும். நம்முளுது லாரிங்களே" என்றார், தன் தொழில் எல்லையை நான் மீறிவிட்ட மாதிரி.

முன்பக்கத்தில் ஒட்டியிருந்த வில்லையைப் படிக்கச் சொன்னார். பெட்டியும் சரக்குமாகச் சேர்ந்து 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ தாண்டக் கூடாது. அதென்ன கணக்கு, மூவாயிரம் என்று முழுசாகப் போட்டால் ஆகாதா என்றார். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் டிரெய்லருக்கென்று தனியாக பிரேக் வைக்க வேண்டும் என்று விளக்கினேன். "அட, பாட்டா செருப்பு வெல மாதர" என்று முடித்துவிட்டார். இதைப் புரிந்துகொள்ள நான் மூன்று வாரம் வீடியோ பார்த்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் கையாள், அவர் மேஸ்திரி. சட்டத்துக்குச் சட்டம் நடுவில் ஒரு அங்குலக் கனத்துக்கு இளஞ்சிவப்பு ஃபோம் அட்டை வெட்டிச் செருகினோம், மேலே பிளைவுட் அடித்தோம், கட்டில் போட்டோம். அதெல்லாம் சிரமமில்லை. கூரையில் ஓட்டை போட வேண்டிய நாள்தான் வயிற்றைக் கலக்கியது. காற்றுப்போக்கி விசிறிக்கு 14 அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். கூரைச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. அவற்றை உள்ளிருக்கும் பிளைவுட் மறைத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி வெட்டினால் இரும்பை அறுத்துவிடுவோம். ஒழுகாத கூரையில் காசு கொடுத்து வாங்கிய ரம்பத்தால் நாமே ஓட்டை போடுவது எந்த ஊர் புத்திசாலித்தனம் என்று அத்தை சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். ராகு காலம் முடியட்டும் என்றும் சொன்னார்கள். நாமக்கல் ராகு காலமா, மிச்சிகன் ராகு காலமா என்பதில் அரை மணி நேரம் போனது.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஏணிக்கு வருவதற்குள் மாமனார் மேலே ஏறிவிட்டார். கல்யாணத்துக்குத் தேங்காய் பொறுக்குகிறவர் மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு, நடுவிரல் கணுவால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம், டொம், டக். "டக்"கில் ஒரு சாக்பீஸ் கோடு. மறுபடி டொம், டொம், டக். இன்னொரு கோடு. நடுவில் சதுரம். நான் அளந்து பார்த்தேன்; ஒரு அங்குலம் உதைத்தது. மாமனாரின் விரலில் ஏதோ பிசகு என்று பணிவாகச் சொல்லி, மூலையில் சின்னதாக ஒரு துளை போட்டுப் பார்த்தோம். பிசகு என் டேப்பில்.

ஒரே ஒரு இடத்தில் நான் ஜெயித்தேன். விசிறியைப் பொருத்திவிட்டு, ஓரத்தை அடைக்க "எம்-சீல் இல்லீங்களா? சரி, சிலிகான் குடுங்க" என்றார். கூடாது என்றேன். சிலிகானை ஒரு தடவை தடவினால் பிறகு அதன்மேல் எதுவும் சரியாக ஒட்டாது, சிலிகானேகூட. நாளைக்கு ஒழுகினால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கென்று பியூட்டைல் டேப்பும், மேலே ஊற்றினால் தானாகப் பரவிக்கொள்கிற பசையும் இருக்கின்றன. அவர் பியூட்டைல் டேப்பைக் கிள்ளி உருட்டி மோந்து பார்த்து, "ஊருக்குப் போறப்ப நாலு ரோல் வாங்கோணும்" என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

கிளம்புவதற்கு முந்தின நாள் எடை பார்த்தோம். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு காரின் கொக்கி உருண்டைமேல் உட்கார வேண்டும் என்பது விதி. எங்கள் பெட்டி சாமான்களோடு சுமார் 1,000 கிலோ. அப்படியென்றால் மூக்கில் 100 முதல் 150 கிலோ நிற்க வேண்டும். குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து, மேலே கட்டை வைத்து, மூக்கை இறக்கினேன். 58 காட்டியது.

"அது எப்பவும் குறைச்சுத்தாங்க காட்டும்" என்றாள் மனைவி, இத்தனை நாள் அதை முழுசாக நம்பியவள்.

மாமனார் பின்கதவைத் திறந்தார். கதவோரமாக இருபது கிலோ அரிசி மூட்டை, இரண்டு தண்ணீர் கேன், மிக்சி, இட்லிப் பானை, ஊறுகாய் ஜாடிகள், மூன்று நாளுக்கு எதற்கென்று தெரியாத ஒரு இரும்புத் தோசைக்கல். அத்தை இறக்கி எடுக்க வசதியாக அடுக்கியிருந்தார்கள்.

"லோடு எப்பவும் முன்னாடி நிக்கோணுமுங்க மாப்ள. பின்னாடி நின்னா வாலு ஆட்டும். வாலு ஆட்டுச்சுன்னா தலையவே திருப்பி உட்ரும்."

எல்லாம் ஆக்சிலுக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் போயின. அரிசி மேல் கால் நீட்டிப் படுப்பதா என்று அத்தை ஆட்சேபித்ததால் அரிசி தலைமாட்டுக்குப் போனது. மெஷின் 118 காட்டியதும் மாமனார் பெருமூச்சு விட்டார். பின்பக்கம் சிவப்பில் "சவுண்ட் ஹாரன்" என்று எழுதியே ஆக வேண்டும் என்றார். இங்கே ஹாரன் அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி என்று கெஞ்சி, ஒரு கறுப்புக் கயிற்றோடு சமாதானமானோம். எலுமிச்சம்பழம் காருக்கு நாலா, பெட்டியோடு சேர்த்து ஆறா என்ற கேள்விக்கு அத்தை யோசிக்காமல் ஆறு என்றார்கள்.

வடக்கே சுமார் 430 கிலோமீட்டர். போகிற வழியில் மேக்கினா பாலம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு 'க்' இருக்கும், சொல்லும்போது விழுங்கிவிட வேண்டும். மிச்சிகனின் இரண்டு துண்டு நிலத்தையும் இணைக்க 1957இல் திறந்த தொங்கு பாலம், எட்டு கிலோமீட்டர் நீளம், நடுவில் தண்ணீரிலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். அன்றைக்குக் காற்று. 20 மைல் வேகத்தில் போகச் சொல்லிப் பலகை மின்னியது. ஓட்டப் பயப்படுகிறவர்களின் வண்டியைப் பாலத்து ஊழியர்களே ஓட்டிக் கடத்திவிடுவார்கள் என்று மனைவி படித்திருந்தாள், சொல்லியும்விட்டாள்.

"நாமக்கல்லுக்காரன் வண்டிய இன்னொருத்தன் ஓட்றதா?" என்று மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வண்டி என்னுடையது, நான் மயிலாடுதுறைக்காரன் என்பதெல்லாம் எடுபடவில்லை. பாலத்தில் உள்பக்கத் தடம் இரும்புக் கம்பி வலை. எட்டிப் பார்த்தால் கீழே ஏரி தெரியும். எட்டிப் பார்த்தார். பிறகு கரை ஏறும் வரை கந்த சஷ்டி கவசம்தான். பெட்டி மட்டும் வாலை ஆட்டவே இல்லை.

பாலத்தைத் தாண்டியதும் ஸ்ட்ரெய்ட்ஸ் மாநிலப் பூங்கா. இருட்டிவிட்டது. எங்களுக்குக் கொடுத்த இடத்தில் பெட்டியைப் பின்னோக்கி நுழைக்க வேண்டும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது மனித இயல்புக்கு விரோதமான காரியம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் பெட்டி இடப்பக்கம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கமே பெட்டியும் போகும் என்று ஒரு சூத்திரம் உண்டு. இருட்டில், பத்துப் பேர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வராது.

மாமனார் இறங்கினார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"வரட்டும் வரட்டும் வரட்டும்... ரைட்ல ஒடி, இன்னும் ஒடி... நேராக்கு... வாவாவாவா... ஹோல்டேய்!"

மாப்பிள்ளைக்கு உண்டான 'ங்க'வெல்லாம் பறந்துபோய், நான் வெறும் டிரைவராகியிருந்தேன். ஆனால் பெட்டி சரியாகப் போய் நின்றது. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மறுநாள் மாலை பக்கத்து இடத்துக்கு வந்த பெரிய வண்டிக்காரர் தடுமாறியபோது, அவர் மனைவி வந்து "அந்த ஐயாவைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். மாமனார் போனார். தமிழில்தான் கத்தினார். வண்டி நின்றது.

பெட்டியில் இருவர்தான் படுக்கலாம். இரண்டு மாதம் இழைத்து இழைத்துக் கட்டிய கட்டிலில் யார் படுப்பது என்ற பேச்சே எழவில்லை. நான், மனைவி, பையன் மூவரும் வெளியே கூடாரத்தில், நாலு டிகிரி குளிரில். விடிகாலை ஐந்து மணிக்கு மாமனார் வந்து கூடாரத்தைத் தட்டினார்.

"மாப்ள, கூரை ஒழுகுதுங்க."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. உள்ளே போனால், குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் இறுக்கச் சாத்திவிட்டு, இண்டக்‌ஷன் அடுப்பில் அத்தை இரண்டாவது ஈடு இட்லி அவித்துக்கொண்டிருந்தார்கள். இரவு முழுக்க இருவர் விட்ட மூச்சும், இப்போது இட்லி ஆவியும், போக வழியில்லாமல் குளிர்ந்த கூரையில் போய்த் தண்ணீராகிச் சொட்டிக்கொண்டிருந்தன. மாமனார் டார்ச்சை மேலே அடித்தார். சொட்டுகள் வரிசை பிடித்து நின்றன. சட்டங்களுக்கு நடுவில்தான் ஃபோம் வைத்தோம். சட்டம் வெறும் இரும்பு, வெளிக் குளிரை அப்படியே உள்ளே கொண்டுவருகிறது. ஒவ்வொரு ஸ்குரூ தலையிலும் ஒரு முத்து.

"பதினாறு அங்கலத்துக்கு ஒரு வரிசைங்க" என்றார். அன்றைக்குக் காதால் கண்டுபிடித்ததை இன்று கண்ணால் பார்த்த திருப்தி.

குளிர்காலத்தில்தான் காற்றுப்போக்கியைக் கட்டாயம் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும் என்று வீடியோவில் பார்த்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். "கோழி ஏத்தற லாரிக்குக் காத்தோட்டம் உடாமப் பாடி கட்டுவமா மாப்ள? நான்தான் யோசிச்சிருக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தை முகம் சுருங்கியது. தன்னைக் கோழியோடு சேர்த்தது பிடிக்கவில்லை.

பின்வரிசையில் ஒரு வெள்ளி நிற ஏர்ஸ்ட்ரீம் நின்றது. 1936இல் வந்த 'கிளிப்பர்' காலத்திலிருந்தே விமானம் மாதிரி அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்துக் கட்டுகிற வண்டி. அதை ஆரம்பித்தவர் வாலி பையம் என்றேன். "வாலிங்களா? அப்பச் சுக்ரீவன் எங்கே?" என்று கேட்டுவிட்டு, மீதி இரண்டு நாளும் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ரிவிட்டை எண்ணினார். அதன் சொந்தக்காரர் காபி கொடுத்து உட்காரவைத்தார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

அவர்கள் ஊருக்குத் திரும்பிப் பல மாதம் ஆகிறது. அதன் பிறகு பெட்டி முகாமுக்குப் போகவே இல்லை. எங்கள் வட்டாரத் தமிழர்களுக்கு என்னிடம் ஒரு பெட்டி இருக்கிற விஷயம் தெரிந்துவிட்டது. "அண்ணா, சனிக்கிழமை பெட்டி ஃப்ரீயா? ஒரு சோபாதான்." வீடு மாற்றுகிறவர், பிரிட்ஜ் வாங்கியவர், பையனைக் கல்லூரியில் விடுகிறவர். முதலில் கட்டிலைக் கழற்றினேன், பிறகு அலமாரியை. போன வாரம் பொங்கல் விழாவுக்கு அறுபது மடக்கு நாற்காலி, எட்டு மேஜை, ஒரு அண்டா ஏற்றிக்கொண்டு போகும்போது மாமனார் கூப்பிட்டார்.

"பெட்டி எப்படிங்க இருக்குது?"

"நல்லாருக்குங்க மாமா. உள்ளே எல்லாம் நீங்க வெச்ச மாதிரியே இருக்கு."

ரோட்டில் ஒரு பள்ளம். பின்னால் கடகடவென்று சத்தம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

"மாப்ள" என்றார், "லோடு பின்னாடி நிக்குதுங்க."