வரிசையில் நின்ற சட்டம்

வீட்டுக் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையோடு சேர்க்க நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920-ல் பிறந்தது. அதற்கு மாற்றாக 1998-ல் வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2000-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் கண் விழித்தது. சட்டமே இத்தனை காலம் வரிசையில் நின்றிருக்க, சாக்கடை இணைப்புக்கு மனு கொடுத்தவர் தாமதம் என்று வாய் திறக்கலாமா?

இதற்கிடையே 2021-ல் திருத்தங்கல் சிவகாசி மாநகராட்சியில் இணைந்துவிட்டது. ஊரை ஊரோடு இணைக்க ஓர் அரசாணை போதும். சரிவு பார்க்க வேண்டாம், சாலையை வெட்ட வேண்டாம். கக்கூஸ் குழாய்க்கு அந்த பாக்கியம் இல்லை.

பொதுச் சாக்கடை எட்டாத வீட்டுக்கு செப்டிக் டேங்க். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழிவை எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நம்மவர்கள் அது வாசலுக்கு வந்து கூப்பிடும்வரை பொறுத்திருப்பார்கள். கெட்டிக்காரர்கள் சிலர் தொட்டிக்கு அடித்தளமே போடுவதில்லை. பிறகு அது ஏன் நிரம்பப் போகிறது? பக்கத்து வீட்டு போர் தண்ணீர்தான் கொஞ்சம் சத்தாக வரும்.

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற வட்டாரம் இது. தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்கிற 2013 சட்டத்தைச் சொன்னால் மட்டும், “அதுக்குள்ள என்ன அண்ணாச்சி வெடிச்சிரப் போகுது?” என்பார்கள்.

மீத்தேன், அண்ணாச்சி.