வரைபட யானையின் நீளம்: ராகிக்காட்டிலிருந்து ஓர் ஆய்வு

தீவுகளுக்குச் சுற்றுலா ஆள் சேர்க்க அச்சிட்ட பழைய சித்திர வரைபடங்களில் கரையை அளந்தார்கள், மலையை அளந்தார்கள். யானையை யாரும் அளக்கவில்லை. அக்குறையைத் தீர்க்கத் தக்க ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாட்றாம்பாளையமே என்பது நம் துணிபு. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் உள்ள அவ்வூருக்குக் கடலோடு உறவில்லை. யானையோடு உண்டு.

மூலச்சான்று இலங்கை. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி அதைத் தாப்ரபேன் என்ற பெயரில் பன்மடங்கு ஊதிப் பெருக்கி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயும் இழுத்துவிட்டார். யானை மேயும் இடத்தை மட்டும் மறக்காமல் குறித்தார். 16ஆம் நூற்றாண்டில் செபாஸ்டியன் மூன்ஸ்டர், தாப்ரபேன் என்பது சுமத்ராவே என்று குழம்பிப் படத்தை அச்சிட்டு, ஓரத்தில் பெரிய யானை ஒன்றையும் நிறுத்தினார். சுமத்ராவிலும் யானை உண்டு. ஆகவே தீவு தவறினாலும் யானை தவறவில்லை.

1914இல் லண்டன் சுரங்க ரயிலுக்குச் சித்திர வரைபடம் தீட்டிப் புகழ்பெற்ற மாக்டொனால்ட் கில், 1930களில் இலங்கைத் தேயிலைக்காகவும் அத்தீவை வரைந்தார். இவ்வகைப் படங்களில் கொழுந்து பறிக்கும் பெண் மலைக்குச் சமமாக நிற்பது வழக்கம். 2,243 மீட்டர் சிவனொளிபாத மலையோடு தோளுரசும் அவள் பெரும்பாலும் நம்மூர்ப்பக்கம் இருந்து போனவளின் பேத்தி. கூலி போடும்போது அந்த உயரத்தை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

இனி அளவை. தீவின் நீளம் சுமார் 435 கிலோமீட்டர். அதை 70 சென்டிமீட்டர் தாளில் அடக்கி, 3 சென்டிமீட்டரில் ஒரு யானை போட்டால், அதன் மெய்நீளம் 18 கிலோமீட்டருக்கு மேல். நாட்றாம்பாளையத்தில் வாலை வைத்துக்கொண்டே ஒகேனக்கல்லில் தண்ணீர் குடித்துவிடும். 6 மீட்டர் யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ தீனி என்று கொண்டு கனஅளவால் பெருக்கினால், இதற்கு ஏறத்தாழ 450 கோடி டன் வேண்டும். இந்தியா முழுக்க ஓராண்டில் விளையும் ராகி அதன் கடைவாய்க்குக்கூடப் போதாது.

சித்திரத்துக்கு அளவுகோல் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் அறுவடைக்காலத்து இரவில் பரண்மேல் உட்கார்ந்ததில்லை. டார்ச் வெளிச்சம் எட்டாத தூரத்தில் அவரைக்கொடி அறுபடும் சத்தம் மட்டும் கேட்கும்போது, 18 கிலோமீட்டர் என்பது குறைத்த மதிப்பீடு.

அடுத்த கேள்வி: படத்து யானை ஏன் இவ்வளவு வளர்ந்தது? இலங்கையின் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். (1845இல் இடி விழுந்து இறந்தார். இதில் யானைகளுக்குப் பங்கிருந்ததற்குச் சான்றில்லை.) பிறகு காப்பிக்காக மலைக்காடு வீழ்ந்தது; காப்பியை இலைநோய் தின்னவே தேயிலை வந்தது. அதன்பின் வந்தவையே இந்த வண்ணப் படங்கள். இதிலிருந்து, காட்டில் குறையக் குறையத் தாளில் யானை பருக்கும் என்றொரு விதியை முன்மொழிகிறோம். எதிர்ச்சான்றும் இவ்விதிக்குத் துணை நிற்கிறது: யானை ஆண்டுதோறும் தவறாமல் வந்துபோகும் நாட்றாம்பாளையத்துக்குச் சுற்றுலாப் படமே கிடையாது. பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கார்கள் ஒகேனக்கல்லின் பரிசலுக்கும் மீன் வறுவலுக்கும் போகிற வேகத்தில் இவ்வூரைக் கடக்கின்றன.

இக்குறையை நீக்க ஒரு படம் தீட்டலாம் என்று கொண்டால், காவிரியை நீலத்தில் போடலாம், ராகிக்காட்டைப் பச்சையில் போடலாம், சோதனைச்சாவடிக்கு ஒரு கட்டம் ஒதுக்கலாம். யானையை எங்கே போடுவது என்பதில்தான் இடர். காலையில் பன்னேர்கட்டாக் காட்டுப்பக்கம் போய்விட்டது என்பார்கள். மாலையில் ஊர் ஏரியில் நிற்கும். எனவே யானையை மட்டும் பென்சிலால் வரைந்து, படத்தோடு ஒரு ரப்பரும் இணைத்து விற்குமாறு பரிந்துரைக்கிறோம்.