பச்சைக்குக் கீழே கறுப்பு

எங்கள் பக்கத்து சைக்கிளின் சொந்த ஊரைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டிவிடலாம். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. 1955-இல் குழாய் செய்ய ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது; 1960-இல் செயின் செய்ய டி.ஐ. டைமண்ட் செயின். இங்கிலாந்துத் தரப்பில் இந்தக் கூட்டுக்குக் காரணமாக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று சீமைப் பெயர்களோடு வெளியே போன வண்டிகளுக்கு உடம்பு கொடுத்தது ஆவடியும் அம்பத்தூரும்தான்.

திருமழிசையில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் நின்ற அப்பாவின் ஹெர்குலிஸ் அப்படிப்பட்ட ஒன்று. 28 அங்குல வீல், கம்பி பிரேக், முழு செயின் கவர், பின்னால் தடித்த கேரியர். ஆவடிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் அப்பாவுக்கு வேலை. திருமழிசையிலிருந்து டிரங்க் ரோட்டில் பூந்தமல்லி, கரையான்சாவடியில் திரும்பிச் சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு, ஆவடி. ஷிஃப்ட் எதுவானாலும் அதே வழி, அதே வண்டி. அவர் போனபின் யாரும் அதை எடுக்கவில்லை. 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையை எங்கள் ஊருக்கு மாற்றினார்கள். ஊர் முழுக்க லாரியும் தக்காளிக் கூடையுமாக நிறைந்து, தெருவுக்கு யாரும் வெளியே வர முடியாமல் இருந்த அந்த நாட்களில்தான் வண்டியைத் தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு உருட்டினேன். அந்த ஜூன் 3, உலக சைக்கிள் தினம். அன்றைக்குத்தான் சாஹிபாபாத்தில் இருந்த அட்லஸ் சைக்கிள் ஆலை ஓட்டத்தை நிறுத்தித் தொழிலாளர்களுக்கு லே-ஆஃப் அறிவித்தது. செய்தியைப் படித்துவிட்டு முற்றத்தில் அந்த வண்டிமுன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா காலத்தில் சைக்கிளைப் புதுப்பிப்பது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஓவராயில். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வீலைக் கழற்றி, பால்ஸை ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் போட்டு, கப்பையும் கோனையும் துடைத்து, புது கிரீஸ் வைத்து, ரிம்மைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் தேய்த்தால் மாலைக்குள் முடிந்துவிடும். மறுநாள் ஹேண்டில்பாருக்குச் சந்தனமும் குங்குமமும், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம். வண்டி வருஷா வருஷம் பிழைத்துக்கொண்டது. அதை ஓட்டியவர் கையே அதைக் கவனித்ததால் துரு ஏறக் காத்திருக்கவில்லை. இப்போது துரு ஏறி, உள்ளே இறுகி, கிராங்கின் காட்டர் பின் அசையாத நிலைக்கு வந்தபின், அருமை தெரிந்தவர்கள் போல நாம் வண்டியைச் சூழ்ந்து நிற்கிறோம். அன்று ஒரு சாயங்கால வேலை, இன்று ஒரு பருவம் முழுக்க நீள்கிறது.

பூந்தமல்லியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ரிம் கோட்டம் எடுப்பதில் அவருக்கு நிகர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வண்டியின் போட்டோவை அவரிடம் காட்டினேன். பெயிண்ட்டைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே இருக்க, அவர் பிடிகொடுக்கவே இல்லை.

"தம்பி, பெயிண்ட்டுக்கு ஏன் இம்மாம் அவசரம்? மொதல்ல கப்பு கோனைக் கழட்டிப் பாரு. உள்ள நல்லா இருந்தா வெளிய எப்ப வேணா அடிச்சுக்கலாம்."

அவர் சொன்ன வரிசையில்தான் போனேன். காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்தால் கிராங்க் வளையும். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊறவிட்டு, கீழே மரக்கட்டை முட்டுக்கொடுத்து ஒரே அடியில் தள்ள வேண்டும். பின் எப்படியும் நசுங்கிவிடும், ஆனால் புதுசு எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். இந்த மாதிரி வண்டியில் ஒரு பெரிய ஆறுதல் இது. கம்பி பிரேக் வைத்த தடித்த சைக்கிள்கள் லூதியானாவில் இன்னும் செய்யப்படுவதால், பிரேக் கட்டை, கோன், ஃப்ரீவீல், 28க்கு ஒன்றரை அங்குல டயர் எல்லாம் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். கிடைக்காதவை வேறு: தோல் சீட்டு, டைனமோ விளக்கு, கழுத்தில் அறைந்த தகட்டு முத்திரை. அவற்றை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பிரித்துத் துணியில் சுற்றி வைத்தேன். ஹப் உள்ளே பார்த்தால் பெரியவர் யூகித்தது சரி. கப் தேயவில்லை. பால்ஸ் மட்டும் குழி விழுந்திருந்தது. முன் வீலுக்கு 32, பின் வீலுக்கு 40 என்று எண்ணிக் கோத்த கம்பிகளில் சிலதைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கோட்டம் அவரே எடுத்தார். ஃபோர்க்கில் வீலைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ரிம்மோரம் பிடித்து, கோடு விழும் பக்கத்தின் கம்பியைத் தளர்த்தி எதிர்ப் பக்கத்தை இறுக்கினார். கால் திருப்பு, அரைத் திருப்பு. அவர் கண் கம்பியில் இல்லை, ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருந்தது.

பெயிண்ட்டைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பழைய சைக்கிள்களைப் பாழாக்குவதில் துருவுக்கு நிகராக நிற்பது பெயிண்ட்தான்.

எங்கள் வண்டி நான் அறிந்த நாளிலிருந்து பச்சை. வீட்டு வாசற்கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமலை அப்பா ஒரு பொங்கலுக்குச் சட்டம் முழுக்கப் பூசிவிட்டார். அந்தக் காலத்தில் அது சாதாரணம். இரும்பு தெரிந்தால் அதை மூட வேண்டும், மூட வீட்டில் எந்த டப்பா இருக்கிறதோ அதுதான் நிறம். செயின் கவரில் மட்டும் பூந்தமல்லியில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் கொடுத்து மஞ்சளில் தன் பெயரையும் "திருமழிசை" என்பதையும் எழுதி வாங்கியிருந்தார். கொம்பும் சுழியும் நிழல் கொடுத்து எழுதிய எழுத்து.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பின்பக்கச் சட்டத்தில் கைக்கு அடக்கமான ஓரிடத்தில் தேய்த்தேன். பச்சை கரைந்து கீழே கறுப்பு வந்தது. சுரண்டலுக்கு அசையாத, கண்ணாடி மாதிரியான கறுப்பு. தொழிற்சாலையில் இரும்பை ரசாயனத் தொட்டியில் கழுவி, எனாமலில் தோய்த்து, அடுப்பறையில் சுட்டு ஏற்றிய கறுப்பு அது. இன்னும் கொஞ்சம் தேய்க்க, அதன்மேல் முடி கனத்தில் ஒரு பொன்கோடு தெரிந்தது. ஓரிடத்தில் அது சற்றுத் தடித்து, பின் மெலிந்து போயிற்று. தூரிகையில் பெயிண்ட் குறையக் குறைய ஒரு கை அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறது. அந்தக் காலத்து நல்ல சைக்கிள்களின் கோடுகள் கையால் இழுத்தவை. நீளமயிர்த் தூரிகையைத் தோய்த்து, சுண்டுவிரலைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் கோடு இழுத்த கைகளைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. சைக்கிளில் இழுத்தவர்களைப் பற்றி யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

நண்பர் ஒருவர், "சிட்கோ எஸ்டேட்ல பவுடர் கோட்டிங் குடுத்துடலாம் சார், ஒரே நாள்ல பளபளன்னு வந்துடும்" என்றார். உண்மைதான். மணல் வீசி இரும்பை வெளுத்து, பொடி தூவி, 200 டிகிரிக்குக் கிட்டச் சுட்டுக் கொடுப்பார்கள். பெயிண்ட் உறுதியாக இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அந்த வசதி இருக்கிறது. அப்பா காலத்தில் அதற்கு அம்பத்தூர் ஆலைக்குள் போக வேண்டும். அப்படியிருந்தும் நான் வேண்டாம் என்றேன். மணல் வீசினால் அந்தக் கோடு போய்விடும். பொடி கனமாகப் படிந்து, குழாய்கள் கூடும் லக்கின் கூர்மையான விளிம்பும், சீட்டுக்குக் கீழே வெட்டிய வண்டி எண்ணும் மழுங்கிவிடும். இன்று கடை வாசல்களிலும் காபி ஷாப்களிலும் அலங்காரத்துக்கு நிற்கும் பழைய சைக்கிள்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என்று மின்னும், செயின் இருக்காது. வேலைக்குப் போக ஓட்டிய வண்டி அது. அதை ஓட முடியாததாக்கி அழகு பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே சட்டத்தில் பச்சையை மட்டும் கரைத்தெடுத்தேன், கறுப்பில் நிறுத்தினேன். உலர வைத்துத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் போகக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல்தான் வந்தது, அடுத்த ஆண்டு நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்திய எந்த டப்பாவையும் நம்ப முடியாது. தண்ணீர் விட்டுத் தேய்த்து, முகத்துக்குத் துணி கட்டி, வழிந்த சேற்றை வாரி மூடி வைத்தேன். குழந்தைகளை முற்றத்துப் பக்கம் விடவில்லை. கறுப்பு உதிர்ந்து இரும்பு தெரிந்த இடங்களில் மட்டும் ப்ரைமர், அதன்மேல் மெல்லிய எனாமல், காய்ந்ததும் நுண்ணிய தாளால் ஈரத் தேய்ப்பு, மறுபடி எனாமல். வேகமாகக் காயும் டூக்கோ வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மழை ஈரக் காற்றில் அடித்தால் அதில் வெண்படலம் பூத்துவிடும். எங்கள் ஊரில் ஐப்பசி தொடங்கினால் செம்பரம்பாக்கம் ஏரியின் ஈரம் தெருவிலேயே நிற்கும். தை பிறக்கும்வரை டப்பாவைத் திறக்கவில்லை. ஒட்டுப்போட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

முன்பாரில் ஓரிடத்தில் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. நானும் அக்காவும் மாறி மாறி உட்கார்ந்து, அப்பா சுற்றிக் கட்டிய துண்டு உராய்ந்து உராய்ந்து தேய்ந்த இடம். 1991-இல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, பெண்கள் ஓட்டும் வண்டி போதாமல் ஆண் வண்டியையே அவர்கள் எடுத்தார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். அந்த இரும்புக் குழாய் எத்தனை குடும்பங்களுக்கு ஆசனமாக இருந்திருக்கிறது! அந்த இடத்தில் துருவை மட்டும் எடுத்து, நிறமில்லாத வார்னிஷ் பூசி அப்படியே விட்டேன்.

செயின் கவர்தான் என்னைத் திணறடித்தது. அதன் பச்சைக்குக் கீழேயும் தொழிற்சாலைக் கறுப்பு இருக்கும், ஒருவேளை பொன்கோடும் இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க வேண்டுமானால் அப்பாவின் பெயரை அழிக்க வேண்டும். ஆலையை விட்டு வந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அதுதான் அசல் என்று நினைக்கிறவர்கள் அழித்துவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்பத்தூரில் கோடு இழுத்தவர் கை எவ்வளவு அசலோ, பூந்தமல்லியில் பெயர் எழுதியவர் கையும் அவ்வளவு அசல். பெயரை எழுதச் சொல்லிக் காசு கொடுத்தவர் அந்த வண்டியில் தன் வாழ்நாளை ஓட்டியவர். கவரைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவினேன். கறுப்பு வண்டியில் பச்சைக் கவர் பொருந்தவில்லை என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பொருந்துகிறது.

வண்டி இப்போது ஓடுகிறது. அப்பா காலத்தில் வருஷா வருஷம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் ராத்திரி போனால் போலீஸ் நிறுத்தும், டபுள்ஸ் போனாலும் நிறுத்தும். அவ்வளவு பேர் அதை நம்பி ஓட்டினார்கள், அதனால் சட்டத்தின் கண் அதன்மேல் இருந்தது. இப்போது யாரும் நிறுத்துவதில்லை. அரசாங்கமே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சைக்கிளை இலவசமாகக் கொடுக்கிறது. அது பெரிய காரியம், அதை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் அப்பா தினம் குறுக்கே கடந்த பெங்களூரு சாலையில் அந்தப் பிள்ளைகள் கடக்க வழியில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். பூந்தமல்லி வரை ஒரு சைக்கிள் பாதை போட்டால் போதும். இரும்பு மலிவாக இருக்கிறது, இடம்தான் மறுக்கப்படுகிறது. நான் காலை ஆறு மணிக்கு முன்னால் ஏரிப் பக்கம் போய்த் திரும்பிவிடுகிறேன். மழையில் எடுப்பதில்லை. இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்காது. மகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அவள் குரங்குப் பெடலில் தொடங்கிச் சீட்டுக்கு ஏறிவிட்டாள். போன வாரம் செயின் கவரைத் துடைத்துக்கொண்டே, "தாத்தா பேருக்குக் கீழ எடம் இருக்குல்லப்பா, எம் பேரையும் எழுதலாமா?" என்றாள். எழுதலாம். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது, தூரிகையால்தான் எழுத வேண்டும் என்று சொன்னேன். ஃப்ளெக்ஸ் வந்தபின் அந்த எழுத்து தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் அருகிவிட்டார்கள். லாரி போர்டுகளுக்கு இன்னும் கையால் எழுதுகிற ஒருவர் நசரத்பேட்டைப் பக்கம் இருப்பதாகப் பெரியவர் சொன்னார். ஆடி முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் டப்பா வாங்கி வைத்தாயிற்று.