இலை பெற்றுக்கொண்டேன், பொன் எப்போது?

அனுப்புநர்:
முனைவர் பட்டம் பெற்ற கௌரவ விரிவுரையாளர் ஒருவர், விருத்தாசலம்.

பெறுநர்:
அரசாணைகளில் 'மதிப்பூதியம்' என்று எழுதும் பேனாவின் உரிமையாளர் அவர்கள், கோட்டை, சென்னை.

பொருள்: மதிப்பு பெற்றுக்கொண்டது – ஊதியம் கோருவது – தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா,

தங்கள் பேனாவின் புண்ணியத்தில் சென்ற வாரம் ஒரு வங்கியில் எனக்குக் கிடைத்த மரியாதையைத் தெரிவிக்கவே இம்மடல். வண்டிக்கடன் கேட்டுப் போயிருந்தேன். சம்பளச் சான்று வேண்டும் என்றார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். 'இவர் மாதம் ரூ.25,000 மதிப்பூதியம் பெறுகிறார். இத்தொகை ஊதியமாகக் கருதப்படமாட்டாது' என்று அழகாக அச்சடித்து முத்திரையும் குத்தியிருந்தார்கள். கடன் பிரிவிலிருந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சார், இதுல உங்களுக்குச் சம்பளமே இல்லன்னுல்ல போட்டிருக்கு? வீட்ல சம்பளக்காரங்க வேற யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார். என் மச்சான். செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை அச்சடிக்கிறவர், பத்தாவது வரை படித்தவர், வாரக்கூலி, ஆனால் பி.எஃப். எண் உண்டு. "அவரக் கூட்டிட்டு வாங்க சார், அவர் பேர்லயே போட்டுடலாம்" என்றார் அந்தத் தம்பி, மிகுந்த மரியாதையோடு. மச்சான் வந்தார், கையெழுத்துப் போட்டார், வெளியே வந்ததும் கேட்டார்: "காலேஜ்ல நீங்க என்னதான் மாமா வேல பாக்குறீங்க?"

ஐயா, தாங்கள் எங்கள் ஊர்க்காரர் அல்ல என்பதால் ஒரு தலபுராணச் செய்தி சொல்ல அனுமதிக்க வேண்டும். பழமலைநாதர் கோயில் திருப்பணியை எடுத்துச் செய்த விபசித்து முனிவர், வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுப்பாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறுமாம். அந்த அற்புதத்தின் முதல் பாதியைத் தாங்கள் ஒரு குறையுமின்றி நிறைவேற்றி வருகிறீர்கள். இலை வந்துகொண்டே இருக்கிறது. 15,000 என்றிருந்த இலை 20,000 ஆனது, பிறகு 25,000 ஆனது. இலை வளர்வதைக் கண்டு நாங்களும் மகிழ்கிறோம். மாறுவதைத்தான் இன்னும் காணவில்லை.

தங்கள் சொல்லாட்சியின் நுட்பம் விளங்காமல் தங்கள் புத்தகத்தையே புரட்டினேன். அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 9(9) என்றொரு விதி. எப்போதாவது, விட்டுவிட்டு நடக்கும் சிறப்பு வேலைக்குக் கொடுப்பதுதான் மதிப்பூதியம் என்கிறது. தேர்தல் வேலை, தேர்வுக் கண்காணிப்பு, அந்த மாதிரி. நான் திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பெடுக்கிறேன். விடைத்தாள் திருத்துகிறேன், மாணவர் சேர்க்கைக்கு உட்காருகிறேன், கல்லூரியின் தரம் பார்க்க நாக் குழு வந்தால் கோப்பு அடுக்குகிறேன். இதையெல்லாம் 'எப்போதாவது' என்று பார்க்கும் தங்கள் பார்வையின் விசாலத்தை வணங்குகிறேன். எங்கள் ஊரான முதுகுன்றத்தின் மலை வயதோடு ஒப்பிட்டால் என் பணிக்காலமும் எப்போதாவதுதான்.

மதிப்பூதியம் என்னும் இச்சொல்லின் மூதாதையர் ரோமாபுரிக்காரர்கள். வழக்குரைஞர் கூலி வாங்கக் கூடாது என்று கி.மு. 204இல் அங்கே சட்டம் போட்டார்கள். வசதி படைத்த கனவான்கள் செய்யும் வேலை, அதற்கு விலை பேசுவது இழுக்கு என்பது எண்ணம். ஆகவே கட்சிக்காரர் கொடுப்பது கூலியல்ல, மரியாதை நிமித்தமான அன்பளிப்பு என்று ஆயிற்று. அந்த மரியாதையும் அளவு மீறிப் போக, கி.பி. 47இல் கிளாடியஸ் பேரரசர் 10,000 செஸ்டர்ஸ் என்று உச்சவரம்பு வைத்தார். சம்பளம் தேவைப்படாதவர்களுக்குத் தைத்த சட்டையைச் சம்பளத்தைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு மாட்டிவிட்டது தங்கள் தையற்கலை. தோள் இடிக்கிறது என்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன்.

நான் தமிழாசிரியன். ஒரு சொல்லை மாணவர் சரியாகப் புரிந்துகொண்டார்களா என்று பார்க்க, வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்வது வழக்கம். நானே எழுதிப் பார்த்தேன்.

'அண்ணாச்சி, போன மாத மதிப்பூதியம் இன்னும் வரவில்லை. அதுவரை மதிப்பாக ஒரு கிலோ துவரம்பருப்பு கொடுங்கள்.' 'பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன மதிப்பூதியம் என்று கேட்டார்கள்.' 'மே மாதம் கல்லூரி விடுமுறை என்பதால் அந்த மாதம் எனக்கு மதிப்பு இல்லை.' மூன்றாவது வாக்கியத்துக்கு, இலக்கணப் பிழை இல்லை என்று முழு மதிப்பெண் கொடுத்துவிட்டேன். பதினோரு மாதம்தானே தங்கள் வன்னி துளிர்க்கும்.

அந்தப் பதினோரு மாதக் கணக்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. என் மனைவி மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தார். சரிபார்க்க வந்த பெண் அலைபேசியில் 25,000ஐ 11ஆல் பெருக்கினார். 2,75,000. குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். "வருமானம் அதிகம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். வங்கிக்குப் போனால் இலை, வாசலுக்கு வந்தால் பொன். பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிற இப்படியோர் இலையை விபசித்து முனிவரே கண்டதில்லை.

எங்கள் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள்: கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து. தாங்களும் சளைத்தவர் அல்ல. எனக்கு மதிப்பூதியம், பகுதிநேர ஆசிரியருக்கும் டாஸ்மாக் ஊழியருக்கும் தொகுப்பூதியம், சத்துணவு ஊழியருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை, மீதிப் பேருக்குத் தினக்கூலி. ஊதியம் என்ற வெறும் சொல்லை மட்டும் யாருக்கும் போகாமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஐயா, பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வாங்குவது நியாயம். பல்கலைக்கழக மானியக் குழு வகுப்புக்கு 1,500 என்றும் மாதத்துக்கு உச்சமாக 50,000 என்றும் 2019இலேயே சொல்லிவிட்டது. அதைக் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் சொன்னது. எனக்கு வருவது அதில் பாதி. பாதிக் கூலிக்கு முழு வேலை வாங்குகிறீர்கள். வேறு போக்கில்லை என்று தெரிந்து வாங்குகிறீர்கள். ஏழாயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம். பலருக்கு வேறு வேலை தேடும் வயதே தாண்டிவிட்டது. இதற்கு மதிப்பு என்று வேறு பெயர் வைக்க எப்படி மனம் வந்தது?

மன்னிக்கவும். மரியாதை சற்று நழுவிவிட்டது. இலையின் பச்சை வாடை தலைக்கு ஏறியிருக்கும்.

தங்கள் ரசனைக்கு உகந்த வேறொரு சொல்லும் சட்டத்தில் இருக்கிறது: எமால்யுமென்ட்ஸ். பதவியின் பேரில் வரும் வரும்படி. குடியரசுத் தலைவருக்குத் தருவதை அரசியலமைப்பின் 59ஆம் பிரிவு அப்படித்தான் அழைக்கிறது. பதவிக்காலத்தில் அதைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அதே சொல் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் 'கூலி' என்பதன் விளக்கத்தில் உட்கார்ந்திருந்தது. குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டபோது, அவர்கள் வாங்குவது வெறும் மதிப்பூதியம், கூலி அல்ல என்று அரசுத் தரப்பில் வாதாடிப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லைக் காட்டி, மதிப்பூதியமும் கூலிதான் என்று சொல்லிவிட்டது. 2025இல் அதே குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில், விழா மேடைகளில் குருவே பிரம்மா என்று பாடினால் மட்டும் போதாது என்ற பொருள்படவும் பேசியது. குஜராத்தில் வன்னி மரம் நிறைய இருக்கும் போலிருக்கிறது.

ஆகவே தாழ்மையுடன் ஒரு பண்டமாற்று முன்மொழிகிறேன். 'மதிப்பு' என்னும் நான்கெழுத்தைப் பழுதின்றித் திருப்பித் தந்துவிடுகிறோம். தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பயன்படும். மிச்சமிருக்கும் 'ஊதியம்' மட்டும் எங்களுக்குப் போதும், பன்னிரண்டு மாதத்துக்கும். கோப்பில் குறிப்பெழுத வசதியாக அரசாணை வரைவும் இணைத்துள்ளேன். ஒரே ஒரு சொல்லை அடித்தால் வேலை முடிந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கௌரவ விரிவுரையாளர் ('கௌரவ' என்பதையும் அடித்துவிட்டால் ஆட்சேபணை இல்லை).

நகல்: நிதிப் பிரிவுக்கு, தகவலுக்காக.
நகல்: வன்னி மரம், பழமலைநாதர் கோயில், தக்க நடவடிக்கைக்காக.